பூட்டுப் போட்டவர் மேல் ஏன் கோபம்?



துப்பாக்கியைப் பற்றிப் பேச பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளைப் பக்கத்து எல்லையோர மக்களுக்கு முழு உரிமை உண்டு. 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் வீரராகவனும் மற்றவர்களும் உயிரிழந்தார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்கள் மீது போலீஸ் சுட்டது. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கியால் என்ன ஆகும் என்பதை நாம் செய்தித்தாளில் மட்டும் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர்.

ஆனால் இன்று நான் முதலில் பேசப்போவது அமெரிக்காவில் நடந்ததைப் பற்றி. ஸ்மித் அண்ட் வெசன் அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்து துப்பாக்கி செய்துவரும் நிறுவனம். அப்போது அதன் தலைமையகம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்தது. துப்பாக்கிச் சாவுகளுக்கு நட்ட ஈடு கேட்டு ஏறத்தாழ 30 நகரங்களும் மாவட்டங்களும் உற்பத்தியாளர்கள் மேல் வழக்குப் போட்டிருந்த நேரம். 2000 மார்ச் 17 அன்று அந்த நிறுவனம் மட்டும் கிளின்டன் அரசோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. துப்பாக்கியோடு விசைப்பூட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் உள்ளேயே பூட்டு வைக்க வேண்டும். அழிக்க முடியாதபடி மறைவான இடத்தில் இன்னொரு வரிசை எண் பொறிக்க வேண்டும். வாங்குபவரின் பின்னணியை விசாரிக்காமல் விற்கும் கடைக்குச் சரக்கு தரக்கூடாது. நம் ஊரில் இதைக் கேட்பவர்கள், இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

அங்கே பெரிய சண்டையே மூண்டது. தேசிய ரைபிள் சங்கம் அதைச் சரணாகதி என்றது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பலர் அந்தப் பெயர் பொறித்த எதையும் இனி வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கடைக்காரர்கள் பலர் சரக்கு எடுப்பதை நிறுத்தினார்கள். மற்ற கம்பெனிகளின் துப்பாக்கியை விற்கும்போதும் இதே விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டிவரும் என்பது அவர்கள் அச்சம். விற்பனை சரிந்தது, ஆட்குறைப்பு வந்தது, தலைமை நிர்வாகி விலகினார். 1987இல் 11.25 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கிய டாம்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி, 2001 மே மாதம் அதை ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றது. கடன் பொறுப்பு தனி. வாங்கியது துப்பாக்கிப் பூட்டு செய்யும் ஒரு சிறு கம்பெனி. பூட்டு பிறகும் நீடித்தது. அந்த ரிவால்வர்களின் இடப்பக்கத்தில், உருளையை விடுவிக்கும் பொத்தானுக்கு மேலே சாவி நுழைய ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளையைக் கண்டாலே முகம் சுளித்து, அது இல்லாத பழைய ரிவால்வரைத் தேடிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்கள் கோபத்தை நான் முழுவதும் தள்ளிவிடவில்லை. நம்பிப் பணம் கொடுத்த கம்பெனி, தங்களைக் கேட்காமல் மூடிய அறையில் பேசி முடித்துவிட்டது என்று நினைத்தார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் தண்டனை எதற்குக் கிடைத்தது என்று பாருங்கள். ஒரு பூட்டுக்கும் ஒரு வரிசை எண்ணுக்கும் கிடைத்தது. மற்ற உற்பத்தியாளர்கள் ஒருவரும் கையெழுத்திடவில்லை. 2005இல் இத்தகைய வழக்குகளிலிருந்து துப்பாக்கிக் கம்பெனிகளைக் காக்கச் சட்டமே வந்துவிட்டது.

சொந்தத் தரப்பைத் தடுப்பவரைத் தண்டிப்பது அமெரிக்கர்களுக்கு மட்டும் உரிய குணம் அல்ல. 1954இல் மார்த்தாண்டத்தில் சுட்டது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது சிறையில் இருந்தார். அங்கிருந்தபடியே, தன் கட்சி அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று கேட்டார். கட்சி கேட்கவில்லை. அடுத்த ஆண்டு லோகியா கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். சொந்தத் தரப்பின் கையைப் பிடித்து நிறுத்தியவருக்கு ஸ்பிரிங்ஃபீல்டிலும் மார்த்தாண்டத்திலும் கிடைத்த வரவேற்பு ஒன்றுதான்.

நம் நாட்டில் வாங்குபவர் கம்பெனியைப் புறக்கணிக்கும் பேச்சே எழுவதில்லை. ரிவால்வர் என்றால் நெடுங்காலம் கான்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலைதான். உரிமம் தந்ததும் அரசு, ரிவால்வர் செய்ததும் அரசு. 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டானது. உபரியை ஒப்படைக்கச் சொன்னார்கள். தேர்தல் வந்தால் உரிமதாரர்கள் இரட்டைக்குழலைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து ரசீது வாங்கிவருகிறார்கள். விதி எல்லாருக்கும் பொது என்பதால் யாரும் யாரையும் துரோகி என்பதில்லை. அமெரிக்காவில் தவறியது இந்த இடத்தில்தான். எல்லாருக்குமான சட்டம் செய்ய வேண்டிய வேலையை ஒரே ஒரு கம்பெனியின் தலையில் கட்டினார்கள். அது தனியாக நின்று அடி வாங்கியது.

இனி நம் ஊருக்கு வருவோம். வெள்ளறடா, அம்பூரிப் பக்கம் மலையடிவாரத்தில் மரச்சீனியும் வாழையும் நட்டவர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை தெரியும். ஒரே இரவில் கிழங்கையெல்லாம் தோண்டிப்போட்டுப் போய்விடும். 2022 மே மாதம், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு ஊராட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களை ஊரே கூப்பிடுகிறது. அவர்கள் மேல் இந்த ஊர் வைத்திருக்கும் நம்பிக்கை பெரியது.

அந்த உரிமதாரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பன்றி வேட்டை முடிந்து வீடு திரும்பினால், அலுப்பில் துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். குழலைத் திறந்து தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். தோட்டாவை வேறு அறையில் பூட்டுங்கள். இரண்டு சாவியும் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.