யார் பார்த்தாங்க, யார் பார்த்துக்கறாங்க?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்தது. "வாட்ஸப்ல நீல டிக் இருக்கு, ஸ்லாக்ல ஏன் இல்ல? வேலை பார்க்கிற இடத்துலதானே அது ரொம்பத் தேவை?"

நானும் ஒரு காலத்துல இதையேதான் கேட்டேன். கேட்டதோட நிற்காம, கட்டியும் வச்சேன்.

என் முந்தைய கம்பெனியில, சர்வர் படுத்துட்டா டீமுக்குள்ள பேசிக்க நாங்களே எழுதின ஒரு சின்ன சாட் ஆப் இருந்தது. "மெசேஜ் போட்டா யார் பார்த்தாங்கன்னே தெரியலைப்பா"ன்னு மேனேஜர் புலம்பிட்டே இருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, ஒவ்வொரு மெசேஜுக்குக் கீழயும் யார் யார், எத்தனை மணிக்குப் பார்த்தாங்கன்னு வர்ற மாதிரி செஞ்சேன். டேட்டாபேஸ்ல புதுசா ஒரு டேபிள், அவ்வளவுதான் வேலை. டெமோவுல கைதட்டல் வேற.

ரெண்டு மாசம் கழிச்சு, எங்க டீம்லயே ஜூனியரா இருந்த ஒரு பொண்ணோட ரிவியூவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து நின்னது. இரவு 11.40-க்குப் பார்த்திருக்காங்க, பதில் இல்லை. அன்னைக்கு அவங்க ஆன்-கால்லயே கிடையாது! ஆனாலும் ரேட்டிங் குறைஞ்சது. கேன்டீன்ல என்கிட்ட சொன்னாங்க: "இப்பல்லாம் நான் ஆப்பைத் திறக்கறதே இல்லண்ணா. நோட்டிஃபிகேஷன்ல முதல் ரெண்டு வரி தெரியும்ல, அதோட விட்டுடுவேன்."

விசாரிச்சா, டீம்ல பாதிப் பேர் அதையேதான் பண்ணிட்டு இருந்தாங்க. எல்லாரும் பேசிக்கணும்னு கட்டின ஆப்பைத் திறக்கவே பயம்.

அப்போதான் ஜொனாதன் க்ரூடின் எழுதின ஒரு பேப்பர் கையில கிடைச்சது. 1988-ல வந்தது. குழுவா வேலை செய்றவங்களுக்கான மென்பொருள் ஏன் தோத்துப்போகுதுன்னு கேட்கிறார். அவர் சொல்ற உதாரணம் ஆபீஸ் காலண்டர். மீட்டிங் வைக்கிறவருக்கு அது வசதி. ஆனா அது வேலை செய்யணும்னா மத்த எல்லாரும் தங்களோட காலண்டரை ஒழுங்கா நிரப்பி வச்சிருக்கணும். பலன் ஒருத்தருக்கு, பாடு இன்னொருத்தருக்கு. 'பாடு'ங்கிறது என் வார்த்தை. படிச்சப்போ எனக்கு முதுகுல ஒண்ணு வச்ச மாதிரி இருந்தது. நான் செஞ்சதுல பலன் அனுப்புறவருக்கு, பயம் படிக்கிறவருக்கு.

வாட்ஸப்பும் 2014 நவம்பர்ல நீல டிக்கைக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பினதும் அதை ஆஃப் பண்ற வசதியையும் கொடுத்தது. நீங்க மறைச்சா அடுத்தவங்களோடதும் உங்களுக்குத் தெரியாது. அது நியாயமான பேரம்தான். ஆனா குரூப்ல மட்டும் ஆஃப் பண்ண முடியாது, கவனிச்சிருக்கீங்களா? 2009-ல கூகுள் வேவ்னு ஒண்ணு வந்தது. நீங்க டைப் பண்ண பண்ண, ஒவ்வொரு எழுத்தும் எதிர்ல இருக்கிறவருக்குத் தெரியும், அழிச்சு அழிச்சு எழுதுறது உட்பட. அடுத்த வருஷமே நிறுத்தப் போறதா அறிவிச்சாங்க. காரணம் அது மட்டும்னு சொல்லலை, ஆனா எனக்கு நினைச்சாலே கூசுது.

சரி, நம்ம கதைக்கு வர்றேன். பேரை எடுத்துடலாம்னு மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னேன். "அப்போ ராத்திரி சர்வர் விழுந்தா யார் பொறுப்பு?"ன்னார். அதுவும் சரியான கேள்விதான். பார்க்கிறது வேற, பொறுப்பு எடுத்துக்கிறது வேற. நான் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பியிருந்தேன். பேர்களைத் தூக்கிட்டு, 'நான் பார்த்துக்கறேன்'னு ஒரு பட்டன் வச்சேன். அனுப்புறவர் முதல்லயே 'தகவல்', 'இப்பவே ஆள் வேணும்' ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். ரெண்டாவதுன்னா ஆன்-கால்ல இருக்கிறவருக்கு மட்டும் போன் அடிக்கும். பத்து நிமிஷத்துல பட்டனை அமுக்கலைன்னா அடுத்தவருக்குப் போகும். ஒரு கிளிக் கூடுதலாச்சேன்னு மேனேஜர் முணுமுணுத்தார். அந்தக் கிளிக் அவர் பக்கம்தான் இருக்கணும்னு விட்டுக்கொடுக்கலை.

அந்தப் பொண்ணோட ரேட்டிங் மட்டும் மாறலை. அந்த வருஷ இன்கிரிமென்ட் போனது போனதுதான். அந்த லிஸ்ட்டைக் கட்டினது நான்தான்னு ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தெரியும்ணா, டெமோவுல நானும்தானே கை தட்டினேன்"னாங்க.