"பெனிங்" என்று மட்டும் சொல்லாதீர்கள்

செமோர், கந்தான், தஞ்சோங் ரம்புத்தான் பக்கமிருந்து வந்திருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, மொழிபெயர்ப்பாளர். அதனால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

கிளினிக்கில் நம் பெரியவர்கள் பலர் "பெனிங்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். மலாயில் அந்த ஒரு சொல்லுக்குள் தலைவலியும் அடங்கும், தலைசுற்றலும் அடங்கும். தமிழில் "மயக்கமா இருக்கு" என்பதும் அப்படித்தான். ஒருவருக்கு வீடே சுற்றும், ஒருவருக்கு எழுந்ததும் கண் இருட்டும், இன்னொருவருக்கு நினைவே தப்பும். டாக்டருக்கு இவை மூன்றும் வேறு வேறு. வலி என்றால் "சாக்கிட் கெப்பாலா" என்று சொல்லுங்கள். சுற்றினால் "பூசிங்", பார்வை மங்கினால் "காபூர்", ஒன்று இரண்டாகத் தெரிந்தால் "நம்பாக் டுவா". மலாய் வராவிட்டால் தமிழ் தெரிந்த தாதியைக் கேளுங்கள். அதில் வெட்கம் எதற்கு?

எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பிரஷர். 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு, 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. ஆனால் "தலை வலித்தால்தான் பிரஷர், வலிக்காத நாளில் மாத்திரை வேண்டாம்" என்று நினைப்பது தவறு. பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அளவு 180/120 அல்லது அதற்கு மேல் போய், தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்துகொண்டால் அது அவசரம். வீட்டில் காத்திருக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பிரஷர் மாத்திரை எடுப்பவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். தலைசுற்றல் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களே மாத்திரையை நிறுத்தாதீர்கள். விரத நாளில் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கும். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

பலரும் மறந்துபோவது, விழுந்த கதையை. குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பீர்கள், இலேசான அடிதானே என்று விட்டிருப்பீர்கள். வயதானவர்களுக்கு, அதிலும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு, மண்டைக்குள் மெதுவாக இரத்தம் கசியலாம். தலைவலி, தடுமாற்றம், குழப்பம் எல்லாம் சில வாரங்கள் கழித்துத்தான் தெரியும். பிள்ளைகள் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்.

கண்ணிலிருந்தும் தலைவலி வரும். பாசார் மாலாமில் வாங்கிய கண்ணாடி பொருந்தாமல் வலிப்பது சிறிய விஷயம். ஆனால் கண் சிவந்து, கடுமையாக வலித்து, வாந்தி வந்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் அது கண் அழுத்த நோயாக இருக்கலாம். உடனே சிகிச்சை பெறாவிட்டால் பார்வை போய்விடும்.

50 வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி வந்து, தலை சீவும்போது கூசி, மெல்லும்போது தாடையும் நோகிறதா? இது அரிதுதான். ஆனால் தலையின் இரத்தக்குழாய் அழற்சி என்றால் கண்ணைப் பறித்துவிடும். அன்றைக்கே காட்டுங்கள்.

பனடோல், கோடாலித் தைலம் இரண்டும் இல்லாத வீடு நம்மிடம் இல்லை. தைலம் தேய்ப்பதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொடுக்கும்.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், பார்வை திடீரென்று போனால், அல்லது வாழ்நாளில் கண்டிராத தலைவலி சட்டென்று தாக்கினால் 999க்கு அழையுங்கள். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் மருந்தை, பொருத்தமானவர்களுக்கு, நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

மற்றபடி, விட்டு விட்டு வரும் வலி என்றால் வந்த நாளில் காலண்டரில் வட்டம் போடுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் காலண்டரையும், நாட்டு மருந்து உட்பட எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். இப்போது வெளியே மேசையில் மிஸ்ஸி பிரஷர் பார்க்கிறார். காப்பி குடித்தவர்கள் அரை மணி நேரம் கழித்து வரிசைக்கு வாருங்கள்.