மறுமையைக் கைவிட்டவரின் துயரம்



மறுமை இல்லை என்று நிறுவுவதற்குக் கட்சி வகுப்புகளில் வாதங்களுக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. உணர்வு என்பது மூளையின் செயல். மூளை நின்றபின் உணர்வுக்கு உறைவிடம் இல்லை. புதிதாகச் சேரும் இளைஞர்கூட இதை அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்வார். ஆனால் அதே இளைஞரின் தாய் இறந்த நாளில், பக்கத்து வீட்டுப் பெரியவர் தோளில் கைவைத்து, “அழாதே தம்பி, அம்மா எங்கேயும் போய்விடவில்லை, மேலே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்” என்கிறார். அந்த இளைஞர் என்ன சொல்வார்? வாதம் அவரிடம் உண்டு. அந்த நேரத்தில் அதனால் பயனில்லை. பெரியவர் தந்த ஆறுதலையும் ஏற்க முடியவில்லை. வகுப்பில் எவரும் சொல்லித்தராத இடத்தில் அவர் தனியே நிற்கிறார்.

மறுமையைக் கைவிட்டவர் எதை இழக்கிறார், எதைப் பெறுகிறார் என்பதே இவ்வுரையின் பொருள். இழப்பே இல்லை என்று சாதிப்பது எளிது. அது உண்மையன்று.

இக்கேள்வியை இந்திய மண்ணில் மிகுந்த நேர்மையுடன் எதிர்கொண்டவர் பகத்சிங். 1930 அக்டோபர் தொடக்கம், லாகூர் மத்தியச் சிறை. தீர்ப்பு வரச் சில நாட்களே இருந்தன. அது என்னவாக இருக்கும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அப்போது அவருக்கு வயது 23. ‘நான் ஏன் நாத்திகன்’ என்ற கட்டுரையை அந்நாட்களில்தான் எழுதினார். அவர் தூக்கிலிடப்பட்ட பிறகு, 1931 செப்டம்பரில், லாகூரிலிருந்து வெளிவந்த ‘தி பீப்பிள்’ இதழில் அது அச்சேறியது. தமிழில் அதைப் பெயர்த்தவர் தோழர் ஜீவா. கட்டுரையைத் தமிழ்நாட்டுத் தோழர்கள் பலரும் படித்திருப்பர். கடவுள் மறுப்பு வாதங்களுக்காகவே அது பெரும்பாலும் படிக்கப்படுகிறது. அதிலுள்ள மற்றொரு இழை அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை.

நம்பிக்கை இருந்திருந்தால் தம் கடைசி நாட்கள் இலகுவாக இருந்திருக்கும் என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். நம்பிக்கை துன்பத்தை மென்மையாக்கும், சில வேளைகளில் இனிமையாகக்கூட ஆக்கும் என்பதை அவர் மறுக்கவில்லை. இந்து என்றால் அடுத்த பிறவியில் அரசனாகலாம் என்று எண்ணலாம். இஸ்லாமியரும் கிறித்துவரும் சுவர்க்கத்தின் இன்பங்களை எதிர்நோக்கலாம். தமக்கு என்ன இருக்கிறது என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். கழுத்தில் கயிறு இறுகிக் காலடிப் பலகை விலகும் கணமே கடைசிக் கணம், அதற்கப்பால் ஒன்றுமில்லை. பரிசை எதிர்பாராமல் விடுதலைக்கு ஒப்படைத்த குறுகிய போராட்ட வாழ்வே பரிசு என்ற முடிவுக்கு வருகிறார். இறுதி நாட்களில் நீயும் நம்பத் தொடங்கிவிடுவாய் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது, அது தமக்கு இழிவு என்று மறுத்தார்.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1927இல் முதன்முறை கைதாகிக் காவல் நிலையக் கொட்டடியில் இருந்தபோது, நாள்தோறும் இருவேளையும் வழிபடுமாறு போலீஸ் அதிகாரிகள் அவருக்கு அறிவுரை கூறினர். நாத்திகம் என்பது அமைதியான காலத்துக்கு மட்டும் உரியதா, ஆபத்து வேளையிலும் நிற்கக்கூடியதா என்று அவர் தமக்குள் ஆராய்ந்தார். வழிபடுவதில்லை என்று தீர்மானித்தார். இளைஞர் என்பதால் சாவைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று சொல்ல இடமில்லை. சாவை முன்னால் வைத்துக்கொண்டு, ஆறுதலின் விலையைக் கணக்கிட்டு, அதை வாங்க மறுத்தவர் அவர். அழகான ஒன்றை இழந்துதான் தெளிவைப் பெற்றோம் என்ற உணர்வு அக்கட்டுரையில் இருக்கிறது. நாத்திகரைக் கல்நெஞ்சர் என்பவர்களும், நாத்திகருக்கு எந்த ஏக்கமும் இல்லை என்று மார்தட்டுபவர்களும் அதை மறுபடி ஒருமுறை படிப்பது நல்லது.

இது மேற்கிலிருந்து இறக்குமதியான சிக்கல் என்பாரும் உளர். பௌத்தரின் திக நிகாயத்தில் பாயாசி என்ற சிற்றரசனின் கதை வருகிறது. கோசல நாட்டுச் சேதவ்யா நகரை ஆண்டவன். மறுவுலகம் இல்லை என்பது அவன் கொள்கை. சாகும் தறுவாயில் இருந்த உறவினரிடம், நரகமோ சுவர்க்கமோ சென்றால் திரும்பி வந்து சேதி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறான். அவர்களும் வாக்களிக்கின்றனர். ஒருவரும் வரவில்லை. எதிரே அமர்ந்து வாதிடும் குமார கஸ்ஸபர் என்ற பிக்கு உவமைகள் பல சொல்லி அவனை மடக்குகிறார். பௌத்த நூல் ஆதலால் பிக்குவே வெல்கிறார். ஆனால் கதையில் மனத்தைத் தொடுவது, சாவுப் படுக்கையருகே குனிந்து, திரும்பி வா என்று கேட்கும் அந்த மனிதனே.

உலகாயதரின் சொந்த நூல்கள் அழிந்துபோயின. பகைவர் எழுதிய மறுப்புகளிலிருந்தே அவர்களை அறிய வேண்டியிருக்கிறது. கடன்பட்டு நெய்யுண்டு களிப்போர் என்ற கேலிச்சித்திரம் அவ்வாறு வந்ததே. தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1959இல் வெளியிட்ட ‘லோகாயதா’ இந்தச் சித்திரத்தை உடைத்தது. மணிமேகலையில் வரும் பூதவாதியும் இம்மரபினரே. வால்மீகி இராமாயணத்தில் ஜாபாலி, இறந்தவருக்கு இடும் உணவு அவரைச் சென்றடையுமானால் வழிப்பயணம் போவோர்க்குக் கட்டுச்சோறு எதற்கு, வீட்டிலேயே திதி கொடுத்துவிடலாமே என்ற பொருள்பட இராமனிடம் கேட்கிறான். திதியும் தட்சணையும் யாருக்குப் போகின்றன என்பதை அறிந்தவரின் கேள்வி அது.

பெற்றது என்ன என்ற கேள்விக்கு விடை இங்கிருந்து தொடங்குகிறது. மறுபிறவி இந்நாட்டில் வெறும் ஆறுதலாக மட்டும் இருந்ததில்லை, குற்றப்பத்திரிகையாகவும் இருந்திருக்கிறது. ஒருவர் தாழ்த்தப்பட்டவராகப் பிறந்ததற்கு முற்பிறவி வினை காரணம் என்றார்கள். குழந்தையை இழந்த தாயிடமும், கணவனை இழந்த பெண்ணிடமும் அதையே சொன்னார்கள். துயரத்தின் மேல் பழியும் ஏறியது. ஐரோப்பிய நாத்திகர் சுவர்க்கத்தை இழந்ததற்காக வருந்தியிருக்கலாம். வினைக்கொள்கையின் சுமையை முதுகில் தாங்கியவருக்கு அதை இறக்கி வைப்பது பெரும்பாலும் விடுதலையாகவே இருந்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் டாக்டர் அம்பேத்கர் தம்மைப் பின்பற்றிய இலட்சக்கணக்கானோரை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில், சிராத்தம் செய்யமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன் என்பதும் ஒன்று. தமக்குப் புதுப்பிறவி வாய்த்துவிட்டது என்பது அவற்றுள் மற்றொன்று. மறுபிறவி சாவுக்குப் பின் அல்ல, அந்த மைதானத்திலேயே, உயிரோடு இருக்கையில் நிகழ்ந்தது. ஆன்மா இல்லையென்றால் வினையும் மறுபிறவியும் எப்படி நிற்கும் என்ற கேள்வியை அவர் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையிலேயே எழுப்பினார்.

ஆயினும், தோழர்களே, ஓர் இழப்பு மட்டும் எவ்வகையிலும் ஈடுசெய்யப்படவில்லை. அது நீதி பற்றியது. 1997 டிசம்பர் 1 இரவு பீகாரின் லட்சுமண்பூர் பாத்தே கிராமத்தில் நிலப்பிரபுக்களின் ரன்வீர் சேனா 58 பேரைக் கொன்றது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித் கூலி விவசாயிகளின் குடும்பத்தினர். பெண்களும் குழந்தைகளும் பலர். 2010இல் கீழமை நீதிமன்றம் 26 பேருக்குத் தண்டனை விதித்தது. 2013 அக்டோபரில் பாட்னா உயர் நீதிமன்றம் அந்த 26 பேரையும் விடுவித்தது. 44 பேர் எரிந்து மாண்ட கீழ்வெண்மணியிலும் நிலப்பிரபுக்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றனர். கொன்றவன் மேலே ஒரு நாள் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று நம்பும் தாய்க்கு ஒரு பிடிப்பு இருக்கிறது. நம்பிக்கையற்றவருக்கு அது இல்லை. மேல்முறையீட்டுக்கு அப்பால் நீதிமன்றம் எதுவும் இல்லை. இங்கே கிடைக்காத நீதி எங்கும் கிடைக்காது. கட்சி உறுப்பினரின் கோபத்தில் ஒரு பகுதி இதிலிருந்தே பிறக்கிறது. மக்கள் மதத்தில் தேடுவது இதயமற்ற உலகில் ஓர் இதயத்தை என்ற பொருளில் மார்க்ஸ் எழுதியதை மறந்து, அபின் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தத் தாயிடம் பேசப் போகிறவர் அரசியலும் அறியார், பண்பும் அறியார்.

இனி உடலைப் பற்றி. மேற்கு வங்கத்தில் பிரஜ ராய் முன்னின்று நடத்திய ‘கணதர்ப்பண்’ அமைப்பு 1980களிலிருந்து உடல்தானத்தை ஓர் இயக்கமாகவே வளர்த்தது. மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு கற்க உடல்கள் தேவை. முன்னெல்லாம் உரிமை கோருவாரற்ற உடல்களே, அதாவது பெரும்பாலும் ஏழைகளின் உடல்களே, அதற்குப் பயன்பட்டன. தம் உடலையே தருவதாக எழுதிக்கொடுப்பது அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. இவ்வழிக்கு ஒரு முன்னோடியும் இந்தியாவில் இருந்தார். பிரிட்டிஷ் கம்யூனிஸ்டாக இருந்து, 1957இல் இந்தியா வந்து, இந்தியக் குடிமகனான உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன், 1964 டிசம்பர் 1 அன்று புவனேஸ்வரில் புற்றுநோயால் இறந்தார். அவரது உடல் ஆந்திரத்தின் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குச் சென்றது.

தோழர் ஜோதிபாசு 2003இல் உடல்தான உறுதிமொழி அளித்தார். 2010 ஜனவரியில் அவர் மறைந்தபோது, கொல்கத்தா வீதிகளில் திரண்ட மக்கள் வெள்ளத்தைக் கடந்து அவரது உடல் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையை அடைந்தது. சிதை இல்லை, அஸ்தி இல்லை. 2012இல் கேப்டன் லட்சுமி சேகலின் உடல், அவர் பல்லாண்டுகள் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்த கான்பூரிலேயே மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. சென்னையில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். கான்பூர் கல்லூரிக்கு கணேஷ் சங்கர் வித்யார்த்தியின் பெயர். பகத்சிங் பணியாற்றிய ‘பிரதாப்’ இதழின் ஆசிரியர், பகத்சிங் தூக்கிலிடப்பட்ட இரண்டாம் நாள் கான்பூர்க் கலவரத்தில் மக்களைக் காக்கப்போய் உயிரிழந்தவர். 2024இல் தோழர்கள் புத்ததேவ் பட்டாச்சார்யா, சீத்தாராம் யெச்சூரி ஆகியோரின் உடல்களும் முறையே கொல்கத்தா நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரிக்கும் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கும் ஒப்படைக்கப்பட்டன.

இது பெருமைப்பட வேண்டிய மரபு. ஆனால் தலைவருக்கு எளிதாவது, கிளை உறுப்பினர் வீட்டில் எளிதன்று. உடல் மருத்துவமனைக்குச் சென்றபின், மறுநாள் பால் தெளிக்கச் சுடுகாடு இல்லை. பதினாறாம் நாள் செய்ய ஒன்றுமில்லை. சடங்கு மூடநம்பிக்கைதான். அதே சடங்கு, உறவினர் கூடி அழவும், இறந்தவர் பெயரை மீண்டும் மீண்டும் சொல்லவும் நாட்களைக் குறித்துக் கொடுத்திருந்தது. செங்கொடி போர்த்திச் செவ்வணக்கம் முழங்கிவிட்டுத் தோழர்கள் கலைந்துபோனால், அந்த நாட்கள் வெறுமையாகின்றன. அந்த வெறுமையில் புரோகிதர் திரும்பி வருவதில் வியப்பில்லை. படத்திறப்புக் கூட்டத்தில் மாவட்டத் தலைவர்கள் அரை நாள் பேசுகின்றனர். இறந்தவரின் மனைவிக்கு ஐந்து நிமிடம் தரப்படுவது அரிது. பதினாறாம் நாள் மாலையில் இரண்டு தோழர்கள் அவ்வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பது எந்தத் தீர்மானத்திலும் இல்லாத கட்சிப் பணி.

எழுதிவைத்தால் மட்டும் போதும் என்று எண்ண வேண்டாம். தமக்குச் சமயச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று ஜவஹர்லால் நேரு 1954லேயே உயில் எழுதினார். 1964இல் சமயச் சடங்குகளுடனேயே அவரது தகனம் நடந்தது. பிரதமரின் உயிலுக்கே அந்த நிலை. உடல்தானப் படிவமும் அப்படித்தான்: குடும்பத்தார் ஒப்படைக்காவிட்டால் எந்த மருத்துவக் கல்லூரியும் உடலைக் கேட்டு வீட்டுக்கு வராது. விபத்தில் இறந்து பிரேதப் பரிசோதனை நடந்திருந்தாலும், சில தொற்றுநோய்கள் இருந்தாலும் கல்லூரி ஏற்காது. கண்களை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் மனைவி, மக்கள், உடன்பிறந்தார் ஆகியோரோடு, நோயில் விழும் முன்பே, சாப்பாட்டு நேரத்தில் பேசுவதுபோல் இயல்பாகப் பேசி வைத்தாக வேண்டும். அவர்களுள் நம்பிக்கையுள்ளவர் இருந்தால், அவர் அழும் முறையைக் கட்சி தீர்மானிக்க வேண்டியதில்லை.

பிரஜ ராய் 2021 மே மாதம் கோவிட் தொற்றால் இறந்தார். தொற்று காரணமாக உடற்கூறு வகுப்புக்கு அவரது உடலைக் கொடுக்க இயலவில்லை. அந்நோய் மனித உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை அறிவதற்கான பரிசோதனைக்காக, ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் அவரது குடும்பத்தார் அதை ஒப்படைத்தனர்.