புகையின் நிறமும் பொறியின் நோயும்

(நீலமலைச் சீருந்து ஓட்டுநர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியனுக்கும் வண்டிப் பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். சொல்லுகிறேன். உறுப்பின் பெயரும் அதன் தொழிலும் அறியாதவன் பட்டறை வாயிலில் ஊமையாகிறான். “பொறி போய்விட்டது, முழுதும் பிரிக்க வேண்டும்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், கோடைப் பருவத்தில் ஈட்டிய பணம் முழுவதையும் அங்கே வைத்துவிட்டு வருகிறான். சொல்லறிவு இல்லாமையால் வரும் இழப்பு இது. ஆகவே, பிஸ்டன் என்று பட்டறையில் வழங்குவதை ஆடுதண்டு என்றும், ரிங்கை வளையம் என்றும், சிலிண்டரை உருளை என்றும், வால்வை அடைப்பிதழ் என்றும், கார்புரேட்டரைக் கலப்பி என்றும் இங்கே வழங்குவேன். பெயரிலேயே தொழில் விளங்கும்.

அம்பாசிடர் சீருந்தின் ஆக்கம் 2014-ஆம் ஆண்டில் நின்றது. சென்னையை அடுத்து உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் நெடுநாள் முன்னரே நின்றுபோயிற்று. எனினும் இத்தகைய பழைய வண்டிகளைப் பேணுவோர் இன்றும் உளர். கன்னெய்யில், அதாவது பெட்ரோலில் ஓடும் அவ்வண்டிகளைப் பற்றியே பேசுகிறேன். நோயையும் அதன் முதலையும் நாடிய பின்னரே மருந்து செய்க என்பது வள்ளுவர் காட்டிய நெறி. பொறிக்கும் அதுவே நெறி. புகைபோக்கியில் வரும் புகை மூன்று நிறத்தது: வெண்மை, கருமை, நீலம்.

முதலில் வெண்புகை. மார்கழி, தைத் திங்களில் உதகையில் உறைபனி படியும் விடியலில் எந்த வண்டியும் வெண்புகை விடும். கன்னெய் எரியுங்கால் நீராவியும் பிறக்கிறது. அது குளிரில் திரண்டு வெண்மையாய்த் தோன்றுகிறது. பொறி சூடேறியதும் மறையுமாயின் அது நோயன்று. சூடேறிய பின்னும் நீடித்து, ரேடியேட்டர் நீரும் நாள்தோறும் குறையுமாயின், உருளைத் தலையின் கீழுள்ள அடைதகடு, அதாவது கேஸ்கட், பழுதுற்றிருக்கலாம். எண்ணெய் மூடியின் அடியில் பாலாடை போல் படிந்திருப்பதை மட்டும் கண்டு அஞ்ச வேண்டா. குளிர்நாட்டில் சிறு தொலைவே ஓடும் வண்டியில் பழுதின்றியும் அது படியும்.

அடுத்துக் கரும்புகை. இது எண்ணெய் எரிவதன்று. கன்னெய் மிகுந்து, காற்றுக் குறைந்து எரிவது. இம்மலையில் இதற்குத் தனிக் கரணியம் உண்டு. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 325 மீட்டர். உதகையோ 2,240 மீட்டர். உதகையின் காற்றழுத்தம் கடல்மட்ட அழுத்தத்தில் நான்கில் மூன்று பங்கிற்குச் சற்றே மிகுதி. கீழ்நிலத்துக்கென அமைத்த கலப்பி, மெலிந்த இக்காற்றிலும் ஏறக்குறைய முன்போலவே கன்னெய் ஊட்டும். ஆகவே காற்று வடிகட்டியைத் தூய்மை செய்க. சோக் முழுதும் திறக்கிறதா என்று காண்க. பின்னர்க் கலப்பியை இவ்வுயரத்திற்கேற்பத் திருத்துக. எரியாத கன்னெய் உருளைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், வளையம் தேயும். இன்றைய கரும்புகையைப் புறக்கணித்தவன் நாளை நீலப்புகையைக் காண்பான்.

நீலப்புகையே எண்ணெய் எரிவதன் அடையாளம். எண்ணெய் உருளைக்குள் புகும் வழி இரண்டு: மேலே அடைப்பிதழ்த் தண்டின் வழி, கீழே தேய்ந்த வளையத்தின் வழி. எவ்வழி என்பதை நம் மலைச்சாலையே காட்டிக் கொடுக்கும்.

குன்னூரிலிருந்து பதினான்கு கொண்டையூசி வளைவுகளையும் கடந்து கல்லாற்றுக்கு இறங்கும்போது, முடுக்கியிலிருந்து கால் எடுத்திருப்போம். அப்போது உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடம் மிகும். அது அடைப்பிதழ் வழியே எண்ணெய்யை உறிஞ்சும். கீழே வந்து முடுக்கியை மிதித்ததும் குப்பென நீலப்புகை எழுந்து அடங்குமாயின், அடைப்பிதழ் வழிகாட்டியும் அதன் எண்ணெய்த் தடுப்பும் தேய்ந்தன என ஐயுறுக. இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் ஒருமுறை நீலப்புகை விட்டு ஓய்வதும் இதன் குறியே. மாறாக, சுமையேற்றி மலையேறும்போது புகை இடைவிடாது தொடர்ந்து, எண்ணெய் மூடியைத் திறந்தால் வளி குபுகுபுவென வெளிவருமாயின் வளையத்தின் மேல் ஐயம் கொள்க.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெற்றிடத்தைத் தவிர்ப்பதாக எண்ணி, கியரை நீக்கி வண்டியை உருளவிட்டு இறங்காதீர்! தடை சூடேறிப் பிடிக்காமற் போகும். எண்ணெய் போனால் வாங்கலாம்; உயிர் போனால் வாங்க இயலாது.

ஐயத்தைத் தீர்ப்பது அழுத்த ஆய்வு. சூடான பொறியில் தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, முடுக்கியை முழுதும் மிதித்து, ஒவ்வோர் உருளையையும் அளக்க வேண்டும். குறைந்து காட்டும் உருளையில் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க. அளவு நன்கு ஏறினால் வளையம் தேய்ந்தது. ஏறாவிட்டால் அடைப்பிதழோ அடைதகடோ பழுது. அடைப்பிதழுக்கு உருளைத் தலையை மட்டும் கழற்றினால் போதும்.

இவ்விடத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். கோவையில் 150 காட்டும் நல்ல உருளை, மெலிந்த காற்றால், உதகையில் ஏறத்தாழ 120 தான் காட்டும். கீழ்நிலத்து அளவை வைத்து ஒப்பிட்டால் நலமான பொறியும் நோயுற்றதாய்த் தோன்றும். ஆகவே நான்கு உருளைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுக. நான்கும் நிகராய் நின்றால், அவ்வளவுக் குறைவை மட்டும் காட்டி உருளையைக் கடைய வேண்டும் என்பார்க்கு இணங்காதீர்.

இறுதியாக ஒன்று. எண்ணெய் குறைவதெல்லாம் எரிவதன்று, ஒழுகவும் கூடும். இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். சரிவில் நிற்கும் வண்டியில் எண்ணெய் அளவுகோல் பொய் சொல்லும். நிகர்நிலம் தேடி நிறுத்தி அளந்து, எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊற்றினோம் என்பதைத் தமிழில் ஒரு சுவடியில் குறித்து வாருங்கள். அச்சுவடியோடு பட்டறைக்குச் செல்பவனை எவரும் எளிதில் மிரட்ட இயலாது.

அறிந்து கேளுங்கள், அளந்து பாருங்கள், அதன் பின்னரே பிரிக்க ஒப்புங்கள்.