எழுதி வைக்க வேண்டிய கடன்

 

சிறுபான்மையினர் சிறுதொழில் தொடங்க, 1999இல் தமிழக அரசு நிறுவிய டாம்கோ, கூட்டுறவு வங்கிகள் வழியே குறைந்த வட்டியில் கடன் வழங்குகிறது. வட்டிக்கு அஞ்சி நம்மில் பலர் உறவினரிடமே கைமாற்று வாங்குகிறோம். அதை எழுதி வைப்பதில்லை. கடை நொடித்தால் உறவும் முறிகிறது.

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனைத் தவணை குறித்து, சாட்சிகளுடன் எழுதுமாறு பணிக்கிறது. எழுதுவது அவநம்பிக்கையன்று, இரு தரப்புக்கும் பாதுகாப்பு. இலாபம் நாடுவோர் முளாரபா முறையில் பங்குதாரராகலாம்: முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, இலாபம் பேசிய விகிதப்படி, நட்டம் முதலீட்டாளரைச் சாரும்.

செய்யாற்றில் இனி எழுதாக் கடன் வேண்டாம். நொடித்தவருக்கு 280ஆம் வசனம் கூறும் அவகாசத்தையும் அளிப்போம். அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத் அருள்வானாக! ஆமீன்.