ரத்தக் கொதிப்பு மாத்திரையும் புற்றுநோயும்
(மாமல்லபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மாமல்லபுரத்துக் கூட்டமென்றால் கல்லைப்பற்றிப் பேசுவேனென்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் ஒரு மாத்திரையைப்பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்ற மாதம் செங்கற்பட்டு பஸ்ஸில் என் பக்கத்திலிருந்த ஒருவர், “ஐயா, பிரஷர் மாத்திரை புற்றுநோயை நிறுத்திவிடுமாமே, செல்போனில் வந்தது!” என்றார். அவர் சம்சாரத்துக்கு மார்பில் கட்டியாம். ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டு, கடையில் அம்மாத்திரையை வாங்கி இரட்டிப்பாகக் கொடுத்து வருகிறாராம்! தோழர்களே, அந்தச் செய்தி முழுப்பொய்யுமல்ல. அதுதான் அதிலுள்ள ஆபத்து.

அம்லோடிபின் என்ற அம்மாத்திரை உங்களில் அநேகர் தினம் விழுங்குவதுதான். அது செய்யும் வேலை என்ன? நம் உயிரணுக்களின் சுவரில் கால்ஷியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, நுழைவதற்கென்று வாயில்களுண்டு. அது உள்ளே போனால் ரத்தக் குழாயின் தசை சுருங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. மாத்திரை வாயிலை அடைக்கிறது, குழாய் தளர்கிறது. அவ்வளவுதான்.

இந்தச் சுண்ணாம்பின் மகிமையை எந்த ரிஷி ஞானதிருஷ்டியில் கண்டார்? லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற வைத்தியர், தவளையின் இருதயத்தை உப்புநீரில் வைத்துத் துடிக்க விட்டுப் பார்த்துவந்தார். வடித்த தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்ட தவறால் அது நன்றாகத் துடித்தது. வடித்த தண்ணீரில் சோர்ந்தது. தவறை மூடி மறைக்காமல் ஆராய்ந்து, குழாய்த் தண்ணீரிலிருந்த சுண்ணாம்பே காரணமென்று 1883-இல் வெளியிட்டார். நம்மவராயிருந்தால் தவளைக்கு ஒரு கோயில் கட்டியிருப்போம்!

இனி புற்றுக்கு வருவோம். கட்டி இருந்த இடத்திலேயே இருந்தால் பெரும்பாலும் வெட்டியெடுத்துவிடலாம். அது பரவுவதே கொல்லுகிறது. பரவும் உயிரணு, நண்டு கால் நீட்டுவதுபோல் மெல்லிய விரல்களை நீட்டிப் பற்றிக்கொண்டு நகருகிறது. பின்லாந்து தேசத்துத் துர்க்கு நகர ஆராய்ச்சியாளர்கள், ஏற்கெனவே வழக்கத்திலுள்ள மருந்துகளைச் சோதித்ததில், அம்லோடிபின் முதலிய வாயிலடைப்பான்கள் மார்புப் புற்றணுக்களின் விரல்களைக் குறைத்து, அவை ஊடுருவுவதையும் தடுத்ததாக 2016-இல் எழுதினார்கள். எங்கே? ஆய்வுக்கூடத்துத் தட்டில்! மனிதன் தட்டல்லவே?

இதற்கு முந்திய கதையொன்று நம்மூர் மணலிலேயே இருக்கிறது. நித்தியகல்யாணி தெரியுமல்லவா? சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிவைத்த பூ. அதிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின் என்ற மருந்து ரத்தப் புற்றுள்ள குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. ஆனால் சில புற்றணுக்கள் அம்மருந்தை வெளியே தள்ளிவிடுகின்றன. வெராபமில் என்ற வாயிலடைப்பானைச் சேர்த்தால் மருந்து உள்ளே தங்கி வேலை செய்கிறதென்று ஜப்பானியரான டகாஷி சுருவோவும் கூட்டாளிகளும் 1981-இல் காட்டினார்கள். உலகமே ஆவலோடு மனிதரிடம் சோதித்தது. புற்றை அடக்கத் தேவையான அளவு கொடுத்தால் இருதயம் தாங்கவில்லை, அழுத்தம் சரிந்தது. பஸ்ஸில் வந்த தோழர் மாத்திரையை இரட்டிப்பதற்குப் பதில் இதுதான்.

எதிர்ப்புறமும் ஒன்றுண்டு. இம்மாத்திரைகளைப் பத்து வருஷத்துக்குமேல் சாப்பிட்ட பெண்களுக்கு மார்புப் புற்று அதிகமென்று 2013-இல் அமெரிக்காவில் ஒரு கணக்கு வந்தது. பின்வந்த பல ஆராய்ச்சிகள் அதை ஊர்ஜிதம் செய்யவில்லை. ஆகையால் பயந்து மாத்திரையை நிறுத்தி, பக்கவாதத்தை வரவழைத்துக் கொள்ளாதீர்கள். யாரோ சொன்னாரென்று விபூதி தின்பவனைப் பரிகசிக்கும் நாம், யாரோ அனுப்பினாரென்று மாத்திரை தின்னலாமா என்று கேட்கின்றேன்.

தாய்மார்களே! மார்பில் கட்டி கண்டால் புருஷனிடம்கூடச் சொல்லக் கூசுகிறீர்கள். இக்கூச்சத்தைக் கற்பித்தவர்கள் யாரும் உங்களுக்குப் பதிலாகச் சாகப் போவதில்லை. அறிஞர் அண்ணாவை 1969 பிப்ரவரி 3-இல் இந்நோய்தான் கொண்டுபோயிற்று. அவர் பெயரால் காஞ்சிபுரத்தையடுத்த காரப்பேட்டையில் சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் ஏற்படுத்திய ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

அந்த பஸ் தோழர் இக்கூட்டத்தில் இருக்கிறாரா தெரியவில்லை. இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கட்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு காரப்பேட்டைக்குப் போவோம். நானும் கூட வருகிறேன்.