பாதை போட்ட ஜெஸ்ஸி ஆப்பிள்கேட்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். வரலாறு படித்தவனிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? கதைதான்!

ஜெஸ்ஸி ஆப்பிள்கேட், 1811இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்தவர். நில அளவை கற்றவர். மிசௌரியில் பண்ணை வைத்துப் பிழைத்தவர். 1843இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாட்டு வண்டிகளில் மேற்கே ஆரிகனை நோக்கிப் புறப்பட்டார்கள். சுமார் இரண்டாயிரம் மைல்! அண்ணன்மார் சார்லஸ், லிண்ட்சேயுடன் இவரும் கிளம்பினார். மாடு அதிகம் வைத்திருந்தவர்கள் தனி அணியாக வந்தார்கள். அதற்குத் தலைவர் இவர்தான்.

எல்லாம் தாண்டியாயிற்று, இனி கொலம்பியா ஆற்றில் இறங்கினால் ஊர் என்ற நிலையில் ஒரு படகு கவிழ்ந்தது. ஜெஸ்ஸியின் மகன் எட்வர்டும், லிண்ட்சேயின் மகன் வாரனும் போய்விட்டார்கள். பத்து வயதை ஒட்டிய பிள்ளைகள்.

பின்னால் வருகிற குடும்பங்களுக்கு அந்த ஆறே வேண்டாம் என்று வேறு வழி தேடினார்கள் அண்ணனும் தம்பியும். 1846இல் 15 பேர் கொண்ட குழு தெற்கே ஒரு பாதை கண்டது. அதற்கு ஆப்பிள்கேட் பாதை என்றே பெயர்.

ஆனால் பாருங்கள், அந்த ஆண்டே அதில் வந்தவர்கள் பாலைவனத்தில் தண்ணீருக்குத் தவித்தார்கள். அம்ப்குவா மலைக்கணவாயில் மழையிலும் சேற்றிலும் வண்டிகளை இழந்தார்கள். சிலர் உயிரையும் விட்டார்கள். ஜெஸ்ஸியைத் திட்டாதவர் குறைவு. அந்தப் பாதை போனது மோடாக் முதலிய பழங்குடியினரின் மண் வழியே. பின்னாளில் மோடாக் போர் வந்தபோது 1873இல் அமைதிக் குழுவில் அவர் சில காலம் இருந்தார். அமைதி கிட்டவில்லை.

அரசியலிலும் அவர் சாமர்த்தியசாலி. 1845இல் ஆரிகனின் தற்காலிக அரசுக்குச் சட்டமன்ற உறுப்பினரானார். அப்போது அந்த மண்ணுக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் உரிமை கொண்டாடின. இரு நாட்டவரும் தத்தம் நாட்டு விசுவாசத்தை விடாமலே எடுக்கும்படி உறுதிமொழியை மாற்றினார்கள். அதில் இவர் பங்கு பெரிது. பிரிட்டிஷாரும் அந்த அரசில் சேர்ந்தார்கள்.

அப்பேர்ப்பட்டவர், மாநிலச் செயலர் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அரசுப் பணத்தில் குறை விழ, இவர் சொத்து போயிற்று. 1888இல் யான்கல்லாவில் காலமானார்.

நம்மைப் போலவே பழைய குடியேறிகளும் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். 1876இல் அங்கே இவருடைய கட்டுரை ஒன்று வாசிக்கப்பட்டது. 1843 பயணத்தில் ஒரே ஒரு நாள். விடியற்காலை நாலு மணிக்குக் காவலர் துப்பாக்கி வெடிப்பதில் தொடங்கி, இரவுக் காவலோடு முடியும். அந்த ஆறு அதில் வராது. அந்த நாளில் எட்வர்ட் உயிரோடு இருந்தான்.

தம்பி தங்கைகளே, நீங்களும் நாளைக்குப் பல பாதைகள் போடுவீர்கள். யாருக்காகப் போடுகிறோம், யார் மண்ணில் போடுகிறோம், இரண்டையும் கேட்டுக்கொண்டு போடுங்கள்.